ஒரு செட்டு மாத்திரை

(சங்கரன்கோவிலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வலிக்கும் காய்ச்சலுக்கும் போடும் மாத்திரைகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும், இன்னும் பெரிய நோய் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே என்று அமைப்பாளர்கள் அன்போடு கேட்டார்கள். இதைவிடப் பெரிய தலைப்பு எனக்குத் தோன்றவில்லை. விசைத்தறியில் நின்றே வேலை பார்ப்பவர்கள், விடியுமுன் குனிந்து மல்லிகை பறிப்பவர்கள், புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை மூட்டை தூக்குபவர்கள், நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியோடு போகிற பெண்கள் என்று உடம்பை வைத்துப் பிழைக்கிற மக்கள் நிறைந்த வட்டாரம் இது. இங்கே மற்ற எல்லா மருந்தையும்விட அதிகமாக விழுங்கப்படுவது வலி மாத்திரைதான் என்பது என் கணிப்பு. விழுங்குகிறவருக்குப் பெயர் தெரியாமலே விழுங்கப்படுவதும் அதுதான்.

“அண்ணாச்சி, மேலுக்கு முடியல. ஒரு செட்டு குடுங்க.”

இந்த ஒரு வரியை விளக்க வேண்டிய தேவை இந்த ஊரில் யாருக்கும் இல்லை. நாலைந்து அட்டைகளிலிருந்து கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கி, சின்னக் காகிதக் கவரில் போட்டு, “சாப்பிட்டுட்டு காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு” என்று கொடுப்பார்கள். அட்டையை நறுக்கும்போதே மாத்திரையின் பெயர் அறுந்து பாதியாகிவிடும். காலாவதித் தேதி அட்டையின் இன்னொரு துண்டோடு கடையிலேயே தங்கிவிடும். அடுத்த முறை மேலுக்கு முடியாமல் போகும்போது, “போன தடவை குடுத்தீங்களே, அந்த மஞ்சள் மாத்திரை இருக்கிற செட்டு” என்று நிறத்தைச் சொல்லிக் கேட்கிறோம்.

அந்தக் கவருக்குள் என்ன இருக்கிறது? நோயாளிகள் கொண்டுவந்து என் மேசையில் கொட்டியவற்றை நெடுங்காலமாகப் பார்த்துவருகிறேன். பெரும்பாலும் ஒரு பாராசிட்டமால் இருக்கும். டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக் ஒன்று இருக்கும். சளிக்கென்று தூக்கம் வரவைக்கும் சிறு மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று. சில செட்டுகளில் வெள்ளையாகப் பொடி மாத்திரை ஒன்றும் கிடக்கும். அது டெக்சாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு. “அந்தக் கடை செட்டுதான் கேக்கும், போட்ட ஒரு மணி நேரத்துல ஆளை எழுப்பி உக்கார வச்சிரும்” என்று ஒரு கடைக்குப் பெயர் வருகிறதென்றால், பல வேளை அந்தப் பொடி மாத்திரையால் வந்த பெயராக இருக்கும். ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து. ஆனால் யாருக்கு, எத்தனை நாள், எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று கணக்கிட்டுக் கொடுக்க வேண்டியது. கணக்கில்லாமல் மாதக்கணக்கில் உள்ளே போனால் முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு நொறுங்கும். வலி மாத்திரையோடு சேர்ந்து போனால் குடற்புண்ணும் இரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு பல மடங்காகிறது.

இனி வலி மாத்திரைகளின் பிறப்பைக் கொஞ்சம் பார்ப்போம். 1763இல் இங்கிலாந்தின் சிப்பிங் நார்ட்டன் என்ற ஊரைச் சேர்ந்த எட்வர்டு ஸ்டோன் என்னும் பாதிரியார், வில்லோ மரப்பட்டையைக் காயவைத்து இடித்த தூளைக் காய்ச்சல்காரர்கள் ஏறக்குறைய 50 பேருக்குக் கொடுத்துப் பார்த்து, அதன் பலனை இலண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார். அந்தப் பட்டையின் சத்தை ஒட்டி வேதியியலாளர்கள் சாலிசிலிக் அமிலத்தைத் தயாரித்தார்கள். அது வயிற்றைப் பிடுங்கியது. 1897இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மான் அதைக் கொஞ்சம் மாற்றியமைத்தார். இரண்டு ஆண்டுகளில் ஆஸ்பிரின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இபுப்ரோஃபென் 1960களில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் பூட்ஸ் நிறுவனத்தில் ஸ்டூவர்ட் ஆடம்ஸ் குழுவினரால் உருவானது. டைக்ளோஃபினாக் 1970களில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. இயற்கையிலிருந்து வந்தது என்பதால் ஒன்று நல்லதாகிவிடாது, ஆலையிலிருந்து வந்தது என்பதால் கெட்டதாகிவிடாது. ஆஸ்பிரினின் மூலமே ஒரு மரப்பட்டைதான்.

இவை எப்படி வேலை செய்கின்றன என்பது 1971 வரை யாருக்கும் சரியாகத் தெரியாது. அந்த ஆண்டு ஜான் வேன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் விடையைக் கண்டார். நம் உடம்பில் அடிபட்ட இடத்திலும் கிருமி புகுந்த இடத்திலும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்கள் சுரக்கின்றன. அந்த இடம் சிவப்பதும் வீங்குவதும் தொட்டால் வலிப்பதும் பெருமளவு இவற்றால்தான். மூளையில் உடல் வெப்பத்தை நிர்ணயிக்கும் பகுதியிடம் ‘சூட்டைக் கூட்டு’ என்று சொல்வதும் இவற்றில் ஒன்றுதான். குளிரில் பல் கிட்டி, போர்வைக்குள் நடுங்கி, அதன்பின் உடம்பு கொதிக்கிறதே, அது அந்தக் கட்டளை நிறைவேறும் விதம். ஆஸ்பிரினும் அதன் வகையறாக்களும் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன. வீக்கம் வடிகிறது, வலி அடங்குகிறது, சூடு இறங்குகிறது. இந்தக் கண்டுபிடிப்புக்காக வேன் 1982இல் வேறு இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காய்ச்சலை உண்டாக்கிய கிருமியை இந்த மாத்திரை தொடுவதில்லை. தேய்ந்த மூட்டை அது சரிசெய்வதில்லை. அறிகுறியை அடக்குகிறது, அவ்வளவுதான். வலியில் துடிக்கிறவருக்கு அதுவே பெரிய உதவி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே புரோஸ்டாகிளாண்டின் நம் உடம்பில் வேறு சில நல்ல வேலைகளையும் செய்துகொண்டிருக்கிறது. இரைப்பையின் உட்சுவரில் வழவழப்பான பூச்சைக் காத்து, அமிலம் சுவரை அரிக்காமல் பார்த்துக்கொள்கிறது. சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. மாத்திரைக்கு மூட்டில் இருப்பது எது, வயிற்றில் இருப்பது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எல்லா இடத்திலும் உற்பத்தியை நிறுத்துகிறது. பாராசிட்டமால் மட்டும் இந்தக் கூட்டத்தில் தனி. காய்ச்சலையும் வலியையும் குறைக்கும், வீக்கத்தைப் பெரிதாகக் குறைக்காது. வயிற்றையும் சிறுநீரகத்தையும் பெரும்பாலும் விட்டுவைக்கிறது. அளவு மீறினால் அது கெடுப்பது கல்லீரலை.

இப்போது உங்களை சுவீடனுக்கு அழைத்துப் போகிறேன். அங்கே ஹுஸ்க்வர்னா என்ற தொழிற்சாலை ஊர். துப்பாக்கியும் தையல் இயந்திரமும் செய்தார்கள். 1918இல் உலகத்தையே வாட்டிய இன்ஃப்ளூயன்சா அங்கும் வந்தது. ஹ்யோர்ட்டான் என்ற மருத்துவர் காய்ச்சலுக்கு ஒரு தூளை எழுதிக் கொடுத்தார். பீனாசிட்டின், பினாசோன் என்ற இரண்டு வலி மருந்துகளும் காஃபீனும் கலந்த தூள். காய்ச்சல் ஊரைவிட்டுப் போய்விட்டது. தூள் போகவில்லை. அதைப் போட்டுக்கொண்டால் களைப்புத் தெரியாமல் வேலை ஓடுகிறது என்று தொழிலாளர்கள் கண்டுகொண்டார்கள். காலையில் வேலை தொடங்குமுன் ஒன்று, நடுவில் ஒன்று என்று ஆனது. பிறந்தநாளுக்கு ஒருவருக்கொருவர் தூள் பொட்டலத்தைப் பரிசாகக் கொடுக்கும் அளவுக்கு அது ஊர் வழக்கமாயிற்று. முப்பது நாற்பது ஆண்டு கழித்து அந்தத் தொழிலாளர்கள் சிறுநீரகம் செயலிழந்து சாகத் தொடங்கினார்கள். குர்ட் கிரிம்லுண்ட் என்ற மருத்துவர் அந்த ஊரின் துயரத்தை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். சுவிட்சர்லாந்தின் கைக்கடிகாரத் தொழிற்சாலைகளில் நாளெல்லாம் கண்ணைக் கூர்த்து வேலை செய்த பெண்களிடமும் இதே பழக்கமும் இதே முடிவும் காணப்பட்டன.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு ஏ.பி.சி. மாத்திரை நினைவிருக்கலாம். ஆஸ்பிரின், பீனாசிட்டின், காஃபீன் சேர்ந்தது. அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளில் எல்லா வலிக்கும் அதுதான். நடுவில் இருக்கும் பீனாசிட்டின் ஹுஸ்க்வர்னாவின் அதே பீனாசிட்டின். இந்திய அரசு 1983இல் அதைத் தடை செய்தது.

ஹுஸ்க்வர்னாவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 2006ஆம் ஆண்டு கண்முன் வருகிறது. அந்த ஆண்டு சிக்குன்குனியா தமிழ்நாடெங்கும் பரவியது. காய்ச்சல் சில நாளில் விட்டது. மூட்டு வலி மாதக்கணக்கில் விடவில்லை. நடுவயதுப் பெண்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததையும், காலையில் விரல்களை மடக்க முடியாமல் தவித்ததையும் இங்கே பலர் பார்த்திருப்பீர்கள், சிலர் அனுபவித்திருப்பீர்கள். அப்போது வலி மாத்திரை போட்டதில் தவறே இல்லை. தேவையாகத்தான் இருந்தது. ஆனால் அன்று தொடங்கியதை விடாமலே தொடர்ந்தவர்களை எனக்குத் தெரியும். வலி போன பிறகும் ‘போட்டாத்தான் தறிக்குப் போக முடியும்’ என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள். ஒரு தொற்றுநோய் விட்டுச்சென்ற மாத்திரைப் பழக்கம், உழைக்கிற ஊரில் வேரூன்றிவிடுகிறது. சுவீடனில் நடந்ததும் இங்கே நடந்ததும் வேறு வேறு அல்ல.

உழைக்கிறவர்களுக்கு ஏன் கூடுதல் ஆபத்து என்று சொல்கிறேன். சிறுநீரகங்களுக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல் இரத்தம் போகிறது. வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் வற்றும்போது, மற்ற இடங்களில் இரத்தக்குழாய்கள் சுருங்கும். அந்த நேரத்தில் சிறுநீரகத்துக்குள் போகும் குழாய் சுருங்கிவிடாமல் திறந்து பிடித்துக்கொண்டிருப்பது புரோஸ்டாகிளாண்டின்தான். கோடையில் கண்மாயில் நீர்மட்டம் இறங்கும்போது மடையை முழுக்கத் திறந்து வைத்தால்தான் கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டும். அந்த நேரம் பார்த்து ஒருவர் மடையை அடைத்தால் என்ன ஆகும்? டைக்ளோஃபினாக் செய்வது அதுதான். நல்ல தண்ணீர் குடித்து நிழலில் இருக்கும் இளைஞருக்கு இரண்டு நாள் மாத்திரையால் ஒன்றும் ஆகாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, கழிப்பறை வசதி இல்லையே என்று தண்ணீரே குடிக்காமல் எட்டு மணி நேரம் நிற்கிற பெண்ணுக்கு அதே மாத்திரை வேறு பொருள். தறிக்கூடங்களில் கழிப்பறை கட்டுவதும் குடிதண்ணீர் வைப்பதும் சிறுநீரக மருத்துவம்தான் என்பது என் உறுதியான கருத்து. தறிக்கூட முதலாளிகள் இந்த அவையில் இருந்தால் இதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதோடு இன்னொன்று சேர்கிறது. 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபின் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. மிக நல்ல திட்டம். அழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் எனலாபிரில் என்றொரு வகை உண்டு. சிறுநீரகத்துக்கு நல்லதுதான். ஆனால் அது சிறுநீரகத்திலிருந்து வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. வலி மாத்திரை உள்ளே வரும் குழாயைச் சுருக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் வடிகட்டும் இடத்தில் இரத்த அழுத்தம் சரிந்துவிடும். கால் வீக்கத்துக்கென்று சிறுநீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்து, வயிற்றுப்போக்கோ வெயிலோ கூடினால், சில நாட்களிலேயே சிறுநீரகம் நின்றுபோகலாம். அழுத்த மாத்திரை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வலி மாத்திரை கேட்கும்போது, ‘நான் பிரஷர் மாத்திரை சாப்பிடுறேன்’ என்று சொல்லிக் கேளுங்கள். செட்டுக் கவரில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. நான் கவலைப்படுவது அதற்குத்தான்.

சிறுநீரகம் கெடுவது வலிக்காது என்பது இதில் உள்ள பெருந்துன்பம். முகம் வீங்கி, பசி போய், மூச்சு வாங்கி, ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பல வேளை பாதிக்குமேல் போயிருக்கும். பிறகு வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ். கூடவே ஓர் ஆள் போக வேண்டும், இருவர் கூலியும் போகும். இரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பது மலிவான சோதனை. மாதம் பலமுறை வலி மாத்திரை போடுகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

வலி மாத்திரை சிறுநீரகத்தை எப்படிக் குலைக்கும் என்பதற்கு ஒரு பறவை இனத்தின் கதை சாட்சி. இறந்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தம் செய்த பாறுக் கழுகுகள் 1990களில் இந்தியா முழுவதும் அழியத் தொடங்கின. சில இனங்களில் நூற்றுக்கு 95க்கும் மேல் மறைந்துபோயின. காரணம் புரியாமல் அறிஞர்கள் திகைத்தார்கள். 2004இல் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் பாகிஸ்தானில் இறந்த கழுகுகளை அறுத்துப் பார்த்து விடை கண்டார்கள். வலிக்கென்று மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தை முடக்கியிருந்தது. உள்ளுறுப்புகளிலெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. 2006இல் இந்தியா மாடுகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. மனிதருக்கான பெரிய ஊசிக் குப்பிகள் மாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டதால் 2015இல் குப்பியின் அளவு 3 மில்லி என்று குறைக்கப்பட்டது. 2023இல் கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபினாக்கும், அடுத்த ஆண்டு இறுதியில் நிமசுலைடும் கால்நடைகளுக்குத் தடையாயின. கழுகு போனதால் பிணம் அழுகி, நாய் பெருகி, நீர் கெட்டு, 2000 முதல் 2005 வரை ஏறக்குறைய 5 இலட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்று இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 2024இல் வெளிவந்த ஆய்வில் கணித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இன்று பாறுகள் எஞ்சியிருப்பது பெரும்பாலும் மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டித்தான். ஆடு மாடு வளர்ப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். மாட்டுக்கு வலி ஊசி வேண்டுமென்றால் மெலாக்சிகாம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அது கழுகைக் கொல்வதில்லை.

பெயரைக் கேட்க வேண்டிய தேவை உயிர் போகிற அவசரமாக மாறும் நேரம் ஒன்று உண்டு. அது டெங்கு. 2012இல் இதே வட்டாரத்தில், நம் பக்கத்துக் கடையநல்லூரில், டெங்கு எத்தனை வீடுகளைக் கலங்கடித்தது என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். டெங்குவில் இரத்தத் தட்டணுக்கள் குறையும், இரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசியும். அந்த நேரத்தில் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை மீதமிருக்கும் தட்டணுக்களையும் வேலை செய்யவிடாமல் தடுக்கும், வயிற்றையும் புண்ணாக்கும். இரத்தக்கசிவு வந்தால் நிறுத்துவது கடினம். எந்தக் காய்ச்சல் டெங்கு என்று முதல் நாளில் பார்த்த அளவில் மருத்துவராலும் சொல்ல முடியாது. ஆகவே மழைக்காலக் காய்ச்சல் எதுவானாலும் பாராசிட்டமால் மட்டும் போதும். நிறையக் கஞ்சியும் நீராகாரமும் வேண்டும். செட்டு வேண்டாம். இன்னொன்று: டெங்குவில் ஆபத்து தொடங்குவது காய்ச்சல் இறங்குகிற நாட்களில். ‘சூடு விட்டுருச்சே’ என்று மறுநாளே வேலைக்கு அனுப்பாதீர்கள். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் சில்லிட்டுப்போதல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

“மாத்திரை வயித்தைப் புண்ணாக்கும்னுதான் ஊசி போட்டுக்கிறேன்” என்று சொல்பவர்கள் அதிகம். அது சரியல்ல. வயிற்றின் பூச்சு கெடுவதற்கு மாத்திரை வயிற்றில் விழவேண்டிய தேவையில்லை. இடுப்பில் போட்ட ஊசி மருந்தும் இரத்தத்தில் கலந்து அதே உற்பத்தியைத்தான் நிறுத்துகிறது. ஊசியால் சீழ்க்கட்டியும் நரம்புச் சேதமும் வருவது கூடுதல் தொல்லை. மலம் தார் மாதிரி கறுத்துப் போனால் குடலில் இரத்தம் கசிகிறது என்று பொருள். மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. குறுக்கு வலி, முழங்கால் வலிக்கெல்லாம் மேலே தடவும் டைக்ளோஃபினாக் களிம்பு நல்ல மாற்று. தோலின் வழியே இரத்தத்தில் கலக்கும் அளவு மிகக் குறைவு. மாத்திரையைவிட ஊசிக்கும், ஊசியைவிட டிரிப்ஸுக்கும் மதிப்பு வைத்திருக்கும் நம் வழக்கத்தில், களிம்புக்குக் கிடைக்கவேண்டிய மரியாதை கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

இத்தனையும் கேட்டு வலி மாத்திரையே விஷம் என்ற முடிவோடு நீங்கள் எழுந்து போனால் நான் பேசியது வீண். மாதவிடாய் வலியில் சுருண்டு படுக்கும் பெண்ணுக்கு, வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால், இரண்டு நாள் மெஃபனமிக் அமிலமோ இபுப்ரோஃபெனோ சாப்பிட்டபின் போடுவது முறையான மருத்துவம். அந்த வலியைப் பொறுத்துத்தான் ஆகவேண்டும் என்று மகளிடம் சொல்லும் தாய்மார்கள் அதை விட்டுவிட வேண்டும். கல்லடைப்பு வலிக்கும் முடக்குவாத வலிக்கும் இவை பெரிய துணை. மாரடைப்பு வந்தவர்களுக்குத் தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் எழுதியிருந்தால், என் பேச்சைக் கேட்டு அதை நிறுத்திவிடாதீர்கள். அது வேறு கணக்கு. ஆனால் அவர்கள் மேல்வலிக்கு இபுப்ரோஃபென் சேர்த்துப் போட்டால் ஆஸ்பிரின் தன் வேலையைச் செய்ய முடியாமல் போகலாம்.

கர்ப்பிணிகள் ஐந்து மாதத்துக்குப்பின் மருத்துவர் சொல்லாமல் இந்த வகை எதையும் தொடக்கூடாது. பிள்ளையின் சிறுநீரகத்தையும் இதயக் குழாயையும் பாதிக்கும். குழந்தைக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளி. பத்துக் கிலோ பிள்ளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம் என்று கணக்கு. சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 அல்லது 250. சொட்டு மருந்துப் புட்டியை எடுத்துச் சிரப் அளவில் ஊற்றிக் கொடுத்துவிடுவது வீடுகளில் நடக்கிறது. புட்டியில் உள்ள எண்ணைப் படியுங்கள், அதோடு வரும் அளவுக் குப்பியால் ஊற்றுங்கள், சமையல் கரண்டி வேண்டாம். நிமசுலைடு 12 வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாதென்று 2011இலேயே அரசு தடை செய்துவிட்டது. பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக்கூடாது, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. மெலிந்தவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் அதில் பாதியோடு நிறுத்த வேண்டும். அசிக்ளோஃபினாக் மாத்திரைக்குள்ளேயே 325 மில்லிகிராம் பாராசிட்டமால் கலந்து வருவது மிக வழக்கம். செட்டில் அதுவும் தனிப் பாராசிட்டமாலும் சேர்ந்து கிடந்தால், விழுங்குகிறவருக்குத் தெரியாமலே ஒரே மருந்து இருமுறை உள்ளே போகிறது. பெயர் தெரிந்திருந்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகூட அந்தக் கணக்கைப் போட்டுச் சொல்லிவிடும்.

மருந்துக்கடை அண்ணாச்சிமார்களைக் குறை சொல்ல நான் இங்கு வரவில்லை. இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டினாலும் எழுந்து வருபவர்கள் நீங்கள். மருத்துவரிடம் போனால் ஒரு நாள் கூலியும் கட்டணமும் போகும் என்று பயப்படுகிற மக்களுக்கு நீங்கள்தான் முதல் கதவு. டைக்ளோஃபினாக்கும் ஸ்டீராய்டும் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதவை என்பது உங்களுக்குத் தெரிந்த சட்டம். உங்களிடம் நான் இன்று வைப்பது இரண்டு வேண்டுகோள். ஸ்டீராய்டைச் செட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். கவரின் மேல் ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் அளவையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். எங்களைப் போன்ற மருத்துவர்களும் சீட்டில் வாசிக்கும்படி எழுத வேண்டும். அட்டைகளில் மருந்தின் பொதுப்பெயரைத் தமிழிலும் அச்சிட அரசு வழி செய்ய வேண்டும்.

வந்திருக்கும் தாய்மார்களே, இன்று வீட்டுக்குப் போனதும் டப்பாவிலும் அரிசிப் பானைக்குப் பக்கத்திலும் கிடக்கும் பெயரில்லாத மாத்திரைகளை எடுத்து அப்புறப்படுத்துங்கள். மாமியாருக்குப் பிரஷரா, சர்க்கரையா, என்ன மாத்திரை என்பதை ஒரு தாளில் எழுதிக் கடைக்குப் போகும் பையில் வையுங்கள். அடுத்த முறை வலிக்கென்று கடைக்குப் போகும்போது செட்டு கேட்காதீர்கள். இன்ன வலி, இத்தனை நாளாக, இன்ன மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறேன் என்று சொல்லி, கொடுக்கிற மாத்திரையின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். மூன்று நாளில் காய்ச்சல் நிற்கவில்லையென்றால், பத்து நாளில் வலி குறையவில்லையென்றால், நம் அரசு மருத்துவமனைக்கு அந்தக் கவரையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.